எலும்பு வங்கி

"பல்லு விழுந்து ரொம்ப நாளாச்சு போல. தாடை எலும்பு கரைஞ்சுபோச்சும்மா. முதல்ல எலும்பு வெச்சு மேடாக்கணும். அது ஒட்டின பிறகுதான் புதுப் பல் நட முடியும்" என்றார் பல் டாக்டர்.

"மாடிப்படியில உருண்டுட்டா டாக்டர். என் தம்பி போனதுல இருந்து பாவம், வாயே திறக்கிறதில்ல" என்று முந்திக்கொண்டாள் கூட வந்த நாத்தனார்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் கேட்டாள். "எலும்பு எங்கிருந்து வரும்?"

"எலும்பு வங்கியில இருந்து. இறந்தவங்க வீட்டுல தானமாக் கொடுக்கிறது. நல்லா சுத்தம் பண்ணித்தான் தருவாங்க."

"யாரோடதுன்னு சொல்வாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ வேண்டாம்."

"பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்த நாத்தனார், கைப்பேசி அடிக்கவே வெளியே போனாள்.

"உங்க தாடையோட பின்பக்கத்துல இருந்தே எடுக்கலாம். ஆனா ரெண்டு இடத்துல வெட்டணும். வலி கூடுதலா இருக்கும்."

"பரவாயில்ல, எடுங்க."

"வலியை விலைக்கு வாங்குறீங்களே, ஏம்மா?"

அவள் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் எலும்பையும் போன வருஷம் அந்த வங்கிக்குத்தான் கொடுத்தேன்."

டாக்டரின் குரல் தணிந்தது. "புரியுது. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"கஷ்டமெல்லாம் இல்ல டாக்டர். இந்தப் பல்லை உடைச்சதே அவர்தான். தப்பித்தவறி அவரே திரும்பி வந்து என் வாய்க்குள்ள குடியேறிட்டா?"