நாலிலிருந்து எட்டு வரை

கணினித் திரையில் நீலக் கம்பங்கள் வரிசையாக நின்றன. ஒரு வாரம் நெட்டை, மறு வாரம் குட்டை.

நெட்டை வாரங்கள் பைப்பர் தன் அப்பா வீட்டில் இருந்த வாரங்கள். குட்டை வாரங்கள் கெரினுடையவை.

யாரும் சொல்லாமலே கெரினுக்குப் புரிந்துவிட்டது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

மகளின் முதுகுத்தண்டு வளைவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவசத்துக்குள் பட்டன் அளவில் ஒரு சென்சார் உண்டு. உடம்புச் சூடு படுகிற நேரத்தையெல்லாம் அது குறித்து வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதுப் பெண் பொய் சொல்லலாம், பெற்றவளும் பொய் சொல்லலாம். அதனிடம் யார் பாச்சாவும் பலிக்காது.

"டானிகா வீட்டுல தினம் இருபத்தோரு மணி நேரம். அசத்திட்டீங்க!" என்றார், கவசம் செய்து தருகிற நைஜல்.

டானிகா வீடாம்! பைப்பரின் அப்பா கிரெய்க் வீடு என்று சொன்னால் வாய் வலிக்குமா? கிரெய்கோடு அவள் குடிவந்து இன்னும் இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

டானிகா நகப்பூச்சுக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கென்று வாழைப்பழக் கேக் வேறு சுட்டு எடுத்து வந்திருந்தாள். கெரின் கறவைக் கொட்டிலிலிருந்து நேராக ஹாமில்டன் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டி வந்தவள். ஜீன்ஸில் சாணிப் பொட்டு காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணுமே பண்றதில்ல கெரின், சத்தியமா. அவளே மாட்டிக்கிறா," என்றாள் டானிகா.

அதுவும் அன்பாகத்தான் சொன்னாள். சண்டைக்காரியாக இருந்து தொலைத்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

இடுப்பில் உரசுகிற இடத்துக்குக் களிம்பு தேடி அலைந்தது யார்? தையல் குத்தாத பனியன் வாங்கியது யார்? தூங்கப் போகும்முன் கவசப் பட்டையைப் பேனாக்கோடு வரை இழுத்து மாட்டிவிடுவது யார்? எல்லாம் இவள். பாராட்டு மட்டும் அவளுக்கு.

நைஜல் திரையைப் பெரிதாக்கினார். "உங்க வீட்டுல பதினேழுதான். காலைல நாலு மணியிலேருந்து எட்டு வரைக்கும் காலி. தினமும் இதே நேரம்."

நாலு மணிக்கு அவள் பால் கறக்கப் போய்விடுவாள். எட்டு மணிக்குத் திரும்பும்போது பைப்பர் கவசத்தோடு, சீருடையோடு, பள்ளிப் பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பாள். கெரினுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன தடவை முதுகு வளைவு முப்பத்தாறு டிகிரி. இன்றைய எக்ஸ்ரே படத்தில் நாற்பத்தொன்று. நாற்பத்தைந்தைத் தாண்டினால் முதுகைத் திறந்து கம்பி வைப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

கிரெய்க் தொண்டையைச் செருமினான். "வளர்ந்து முடியிற வரைக்கும் எங்ககிட்டயே இருக்கட்டுமே கெரின். ரெண்டு வருஷம்தானே. சனி ஞாயிறு நீ வந்து கூட்டிட்டுப் போ."

"என் வாரத்தை நான் பாத்துக்கறேன்," என்றாள் கெரின்.

"அடுத்த படம் ஆகஸ்ட்ல எடுப்பாங்க," என்றான் அவன். "அப்பவும் இப்படியே இருந்தா?"

கெரின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உடை மாற்றிவந்த மகளை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திய கையோடு கெரின் ஆரம்பித்தாள்.

"அவ சொன்னா கேப்ப, நான் சொன்னா கேக்க மாட்ட. அதானே? அப்படி என்னடி பெரிய சொக்குப்பொடி வச்சிருக்கா அவ?"

பைப்பர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கவசத்தை விரல் முட்டியால் டொக்கு டொக்கென்று தட்டினாள்.

"நீ கொட்டிலுக்குப் போனதும் உன் கட்டில்ல வந்து படுத்துக்குவேம்மா. நீ படுத்திருந்த இடம் கதகதன்னு இருக்கும். இத மாட்டிக்கிட்டுப் படுத்தா அந்தச் சூடு தெரியவே மாட்டேங்குது."

"அங்க?"

"அங்க யாரு கட்டில்ல போய்ப் படுக்கச் சொல்ற?"

கெரினுக்குக் கண் நிறைந்தது. அழுகையா, சிரிப்பா, அவளுக்கே தெரியவில்லை. ஜெயித்துவிட்டாள். நகப்பூச்சும் கேக்குமாகத் தோற்றுப் போயிருந்தாள் டானிகா. ஓடிப்போய் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரவேண்டும்போல இருந்தது.

சாவியைத் திருகும்போதுதான் நாற்பத்தொன்று ஞாபகம் வந்தது.

"இனிமே அப்படிக் கழட்டக் கூடாது, தங்கம்."

"சரிம்மா," என்றாள் பைப்பர். கழற்றத்தான் போகிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

மறுநாள் விடியுமுன், ரப்பர் பூட்ஸை மாட்டிய பிறகு கெரின் படுக்கையறைக்குத் திரும்பி வந்தாள். கம்பளியை உருவி நாற்காலியில் போட்டாள். தலையணையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது.

மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். தான் படுத்திருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

கொட்டிலில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. அந்த இடம் நன்றாகச் சில்லிட்டுப் போகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.