ஒரு பூஜ்ஜியத்தின் அடிக்குறிப்பு

“இன்னும் ஆறு மணி நேரம் நாற்பது நிமிஷம்தான் இருக்கு. அந்தப் பூஜ்ஜியத்தைத் தூக்கிட்டு, முன்ன பின்ன வருஷத்தோட சராசரியைப் போட்டு அச்சுக்கு அனுப்பு” என்றார் பிரிவுத் தலைவி.

பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு புள்ளி இடம் மாறினாலே அலுவலகத்தை இரண்டாக்கிவிடுபவர் தலைவி. ‘தசம மேடம்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரா இப்படி?

ஒன்பது நாடுகளில் ஆண்டுதோறும் எவ்வளவு மரம் வெட்டப்பட்டது என்று ஒப்பிடும் அறிக்கை அது. எட்டு நாடுகளின் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு குட்டித் தீவின் கோடு மட்டும் ஒரே ஒரு வருடம் தரையைத் தொட்டிருந்தது.

“மேடம்... என் பேர்ல வர்ற முதல் அறிக்கை. தெரியாத எண்ணைப் போடக் கை வரல. ஒரு போன் பண்ணிக் கேட்டுடட்டுமா?”

“வாயில்லாப் பூச்சிக்கு இன்னிக்குத்தான் வாய் வந்துச்சா? சரி, பண்ணு.”

தீவின் வன அலுவலகத்தில் போனை எடுத்தவர் சிரித்தார்.

“பூஜ்ஜியம்தாம்மா. எங்க சட்டப்படி சுத்தியலால முத்திரை அடிச்ச மரத்தை மட்டும்தான் வெட்டலாம். நாட்டுக்கே ஒரே சுத்தியல். மலையையே மொட்டையடிக்க ஒரு கம்பெனி ஒரு வருஷ அனுமதியோட வந்து நின்னுச்சு. அந்த நேரம் பார்த்து ரேஞ்சர் சுத்தியலைத் தொலைச்சிட்டாங்க! புதுசு செய்ய மந்திரிசபை ஒப்புதல் வர்றதுக்குள்ள அனுமதி முடிஞ்சிடுச்சு. கம்பெனி மூட்டையைக் கட்டிடுச்சு.”

“அந்த ரேஞ்சர்?”

“கவனக்குறைவுன்னு வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. அப்புறம் அவங்க தீவை விட்டே போயிட்டாங்க. மலை இன்னும் பச்சைப்பசேல்னு நிக்குது. அந்தக் கவனக்குறைவுக்கு நாங்க சிலைதான் வைக்கணும்!”

போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பூஜ்ஜியத்தை அப்படியே விட்டாள். கீழே ஒரு வரி சேர்த்துத் தலைவியிடம் நீட்டினாள்.

‘முத்திரைச் சுத்தியல் தொலைந்ததால் இவ்வாண்டு மரம் வெட்டப்படவில்லை.’

தலைவி அந்த வரியைப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, ‘தொலைந்ததால்’ என்ற சொல்லை மட்டும் அடித்தார்.

“சரியாத்தானே மேடம் எழுதியிருக்கேன்?”

“அறிக்கையில தப்பு இருக்கக் கூடாது.”

மேசை இழுப்பறையைத் திறந்தார். முகப்பில் முத்திரை செதுக்கிய கனமான இரும்புச் சுத்தியல் ஒன்றை எடுத்துத் தாளின் மேல் வைத்தார்.

“தொலையலம்மா. நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”