வாத்தியாரின் ஒரே பங்கு

டியூஷன் வாத்தியாரிடம் இருந்தது ஒரே ஒரு கம்பெனியின் பங்குதான். அது பாதியாகச் சரிந்த அன்று மனைவி அழுதாள். “என்னங்க, வித்துத் தொலைங்களேன்!”

அவர் மேலும் நூறு பங்கு வாங்கினார்.

விலை மூன்று மடங்கானதும், பங்குத் தரகனான மைத்துனன் ஓடிவந்தான். “மாமா, இப்பவாவது வித்துடுங்க!”

“ஒண்ணைக்கூடத் தொடாதே.”

இப்படியே பதினோரு வருடம். ‘முதலீடு பண்ணா எங்க மாமா மாதிரி பண்ணணும்’ என்று மைத்துனன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான்.

நேற்று அந்தக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் வாக்கெடுப்பு; ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. நூலிழை வித்தியாசத்தில் நிர்வாக இயக்குநரின் பதவி பறிபோனது. இன்று காலை பங்கு தலைகுப்புற விழுந்தது.

மைத்துனன் போனில் பதறினான். “மாமா, பயப்படாதீங்க. நீங்க சொல்ற மாதிரி பொறுமையா இருந்தா...”

“எல்லாத்தையும் வித்துடு.”

“இப்பவா? அடிமாட்டு விலைக்கா?”

“உன் அக்காவைக் கட்டறதுக்கு முன்னாடி நான் அங்க கேஷியர். திருடன்னு பட்டம் கட்டி, வாட்ச்மேனை விட்டு என்னை வெளியே தள்ளினது அந்த இயக்குநர்தான். கடைசிச் சம்பளத்துலதான் முதல் பங்கை வாங்கினேன். நேத்து அவனைக் கவுத்தது என் ஓட்டு. எனக்கு லாபம் வந்தாச்சுடா, வித்துடு.”