பக்கத்துக் கட்டில்

“அந்தத் தச்சர் பக்கத்துல என்னை உட்கார வைக்காதீங்க. மீறி வச்சீங்க, இன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவேன்!” என்று வகுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டார் பஸ் டிரைவர்.

வேதபாடப் பள்ளியின் முதல்வர் அம்மாள் கையைப் பிசைந்தார். ஒன்பது நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஓராண்டு கூடித் தங்கி வேதம் படிக்கும் இடம் அது. தச்சரின் நாடும் டிரைவரின் நாடும் ஒரு மாதமாக ஒன்றன் தலையில் ஒன்று குண்டு போட்டுக்கொண்டிருந்தன.

வழக்கம்போல நம் போதகரைத்தான் கூப்பிட்டார்கள். வகுப்பில் இருந்த ஒரே தமிழர் அவர். அந்நிய மொழியில் நாக்கு நாலு இடத்தில் இடறினாலும் பேசியே ஆளைக் கரைத்துவிடுவார்.

கிணற்றடியில் ஆண்டவர் வேற்று இனத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட பகுதிதான் அன்றைய பாடம். போதகருக்கு அது போதாதா?

“அண்ணே, ஆண்டவர் அந்தம்மாகிட்ட நீ எந்த ஊரு, யார் பெத்த பொண்ணுன்னு விசாரிச்சுட்டா தண்ணி கேட்டாரு? தாகமா இருக்கு, கொடுன்னாரு. நாம இங்க வேதம் படிக்க வந்தோமா, வேலி போட வந்தோமா?”

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகப் போய்த் தச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். இடைவேளையில் இருவரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்து பிஸ்கட் தின்றதை வகுப்பே வேடிக்கை பார்த்தது.

“உங்களை மாதிரி வருஷத்துக்கு ஒருத்தர் கிடைச்சா போதும், இந்தப் பள்ளிக்கூடம் பிழைச்சுக்கும்” என்று உருகினார் முதல்வர்.

சந்தர்ப்பத்தை விடுவாரா போதகர்? “அப்ப எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்கம்மா. முகம் பாத்துத் தமிழ் பேசி ஏழு மாசமாச்சு. என் ரூம்ல பக்கத்துக் கட்டில் காலியாவே கிடக்கு. நடுவுல வந்து சேர்றவங்கள்ல தமிழ் ஆள் யாராவது இருந்தா என்கிட்டயே அனுப்பிடுங்க.”

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தவித்துப் போயிருந்தார் மனிதர். மனைவியோடு போனில் பேசும் பத்து நிமிஷமும் பையனின் மார்க்கிலும் ரிப்பேரான தண்ணீர் மோட்டாரிலும் கரைந்துவிடும். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துத் தமிழ் பேசுகிற அளவுக்கு வந்தாயிற்று. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புவது என்று முடிவே கட்டிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

“ஸ்தோத்திரம் ஐயா. ஆபீஸ்ல இந்த ரூம்னு சொன்னாங்க.”

வாசலில், பெட்டியும் கையுமாக ஓர் உபதேசியார். தமிழ்! அசல் தமிழ்!

போதகருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தார். பக்கத்துக் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பைத் தன் கையாலேயே விரித்தார். டீ போட்டு, சர்க்கரை போதுமா என்று மூன்று தடவை கேட்டார்.

“உனக்கு எந்த ஊரு தம்பி?”

உபதேசியார் ஊரைச் சொன்னதும் போதகர் துள்ளிக் குதித்தார். “அட, நம்ம ஊரா! எந்தச் சபை?”

“மணிக்கூண்டுக்கு எதிர்ல, பெரிய கோயில்தாங்கய்யா.”

“அடப்பாவி! நான் ஞானஸ்நானம் வாங்கின கோயில்ப்பா அது! உன்னைப் பாத்த ஞாபகமே இல்லையே. எந்தத் தெரு நீ? அப்பா என்ன பண்றாரு?”

“அப்பா காலமாகி ரெண்டு வருஷமாச்சுங்கய்யா. நம்ம சபைக் கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணோம்.”

“எங்கப்பாவும் அங்கதான் இருக்காரு. ரெண்டு சனத்துக்கும் நடுவுல ஒரு சுவர் போகுமே, அதுக்கு எந்தப் பக்கம்?”

உபதேசியார் டீயை ஒரு வாய் குடித்தார். “அந்தப் பக்கம் ஐயா.”

“ஓ” என்றார் போதகர். பிறகு, “நீங்க நிதானமா குடிங்க, இதோ வந்துடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வராந்தாவில் நடக்கும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு மாதம் காத்திருந்தவர் அல்லவா?

ஈரக் கண்ணோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் முதல்வர் அம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. “நன்றி சொல்ல ஓடி வந்துட்டீங்களா? ஒரே மொழி, ஒரே ஊர், ஒரே சபை! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பொருத்தம் எனக்கு அமைஞ்சதே இல்ல.”

போதகர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “அவருக்கு வேற ரூம் ஒண்ணு பாத்துக் கொடுத்துடுங்கம்மா.”

அம்மாள் திகைத்துப் போனார். “ஏன்? குறட்டை விடறாரா?”

“இன்னும் படுக்கவே இல்லீங்களே. பாவம், தங்கமான மனுஷன்.”

“அப்புறம் என்ன?” என்றபடி அறைகளின் பட்டியலைப் புரட்டினார் அம்மாள். “டிரைவர் ரூம் வேணா காலியா இருக்கு. அவர் நேத்தே தச்சர் ரூமுக்குக் குடிபோயிட்டாரு. ஆனா, ரூம் மாத்தினா காரணம் எழுதியாகணும். என்னன்னு எழுதட்டும்?”

போதகர் திரும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கலாச்சாரம் ஒத்துவராதுன்னு எழுதிக்குங்கம்மா!”