திருவாதிரையில் பிறக்கக் கூடாது

வானில் திருவாதிரை வெடித்துத் தெரிந்ததிலிருந்து அந்த நட்சத்திரத்தில் பிள்ளை பெற எந்தக் குடும்பமும் துணியவில்லை. திருவாதிரை நாளில், குடும்பப் பெரியவர் கைரேகை வைத்தால்தான் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டரின் கதவே திறக்கும்.

ஈரோட்டில் அப்படியொரு கதவின் முன் டாக்டர் எஸ்தர் மன்றாடிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் பூங்கோதை வலியில் துடித்தாள். பள்ளியில் வானியல் சொல்லித்தருபவள். வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது.

"சாயங்காலம் புனர்பூசம் வந்துருங்க டாக்டரம்மா. அதுவரைக்கும் தாங்காதுங்களா?" என்றார் பூங்கோதையின் மாமனார் மாரப்பன். ஜன்னலுக்கு வெளியே, பட்டப்பகலிலும் வெடித்த திருவாதிரை சுடர்விட்டது.

"தாங்காதுங்க ஐயா" என்றாள் எஸ்தர்.

பூங்கோதை மாமனாரின் கையை இறுகப் பற்றினாள். "மாமா, அது எரிஞ்சு தீர்ந்து வெடிச்சு அறுநூறு வருஷம் ஆச்சுங்க. வெளிச்சம் இப்பத்தான் நம்மகிட்ட வந்து சேர்ந்துச்சு. நீங்களும் திருவாதிரைதானுங்களே? நீங்க பொறக்கறதுக்கு முந்தியே அது செத்துப்போச்சுங்க."

இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் சத்தம் இன்னும் மெதுவானது.

"அத்தனை பெரிய சாவுச் சேதியே அறுநூறு வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சா?" மாரப்பன் கட்டைவிரலைக் கதவில் அழுத்தினார். "அப்ப எம்பேரப்புள்ள பொறந்த சேதி சாயங்காலம் வெளிய வந்தாப் போதுமுங்க டாக்டரம்மா."

சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. எஸ்தர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். காதில் எதுவுமே விழாதவர்போல் மாரப்பன் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.