துடித்துப் போனவர்

"நம்ம தெருவுல எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா. பக்கத்து வீட்டு தியாகராஜா மாமா மட்டுந்தான் பாக்கி."

"அவனுக்குச் சொல்ல வேணாம்," என்றாள் ஞானேஸ்வரி.

வருகிற கிழமை அவள் புருஷன் இராமநாதனின் முதல் வருஷத் திவசம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் திவசமா என்று மகள் சஞ்சீவனிக்குக் கவலை.

"ஒரு வருஷமாச்சே. இன்னுமா கோவம்?"

"உங்கப்பாவ நடுவீட்டுல கெடத்தியிருக்கு. அன்னைக்கு அவன் பேஸ்புக்குல என்ன போட்டான்? 'மகிழ்ச்சியான செய்தி! பச்சரிசி விலை குறைந்தது, ஓடி வாருங்கள்!' போட்டானா இல்லியா?"

போட்டிருந்தது உண்மைதான். கட்டுக்கலையில் தியாகராஜாவுக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கடையின் பேஸ்புக் பக்கத்தில், சிரிக்கிற மூஞ்சிப் படத்தோடு வந்திருந்தது.

அன்றோடு ஞானேஸ்வரி அவருடன் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "அண்ணி" என்று கூப்பிட்டால், இவள் கோழி துரத்தப் போய்விடுவாள். வீட்டில் கோழியே கிடையாது.

"மகேந்திரராசா ஐயாவப் பாரு. அவருல்ல மனுஷன்!"

மகேந்திரராசா, இராமநாதன் சேர்ந்திருந்த நலன்புரிச் சங்கத்தின் தலைவர். சங்கத்தின் இணையத்தளத்தில் இராமநாதனின் மரண அறிவித்தல் வந்த கையோடு அவருடைய பேஸ்புக்கில் வந்துவிட்டது: 'செய்தி கேட்டுத் துடித்துப் போனேன். மழை நாளில் தன் குடையை யாருக்காவது கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே வீடு வரும் மனிதர் மறைந்தார்.'

அதுவரை கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்த ஞானேஸ்வரி, மகள் அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் வாய்விட்டு அழுதாள். இந்த ஒரு வருஷமும் மனம் தாங்காத போதெல்லாம் அந்த இரண்டு வரியைத்தான் எடுத்து வாசித்தாள். அதுதான் அவளுக்கு ஆறுதல்.

அவரை மட்டும் நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாயும் மகளும் போனார்கள்.

"வாங்கோ, வாங்கோ! தவமணி, தேத்தண்ணி ஊத்தும்," என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார் மகேந்திரராசா. கதிரைகளை இழுத்துப் போட்டார். வாசலை எட்டிப் பார்த்தார்.

"எங்கை, இராமநாதன் வரேல்லையோ? பென்ஷன் எடுத்தாப்பிறகு ஆளைக் காணவே கிடைக்குதில்லை!"

ஞானேஸ்வரி மகளைப் பார்த்தாள்.

"ஐயா, அப்பா தவறி ஒரு வருஷமாகுது," என்றாள் சஞ்சீவனி. "நீங்ககூட பேஸ்புக்குல..."

"அட கடவுளே! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதோ? அது தானாப் போறது பிள்ளை. சங்கத்தின்ரை தளத்திலை மரண அறிவித்தல் விழுந்தா, அப்பிடியே என்ரை பக்கத்திலையும் விழும். முன்னாலை வாற 'துடித்துப் போனேன்' மட்டும்தான் என்ரை வசனம். ஒருக்கா எழுதிக் குடுத்தது, இப்ப எல்லாருக்கும் அதுதான் போகுது."

"அப்ப மிச்சம்?" என்றாள் ஞானேஸ்வரி.

"அது அறிவித்தல் குடுத்த ஆள் எழுதினதாயிருக்கும். ஏன், வசனம் நல்லா இருந்ததோ?"

"நல்லா இருந்துச்சுங்க."

தேத்தண்ணியைக் குடித்தாள். திவசத்துக்கும் சொன்னாள். சொல்ல வந்த வீட்டில் சொல்லாமல் போவது முறையில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஞானேஸ்வரி, "அறிவித்தல் குடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நம்ம யாரும் குடுக்கல. அந்தக் களேபரத்துல யாரு அதெல்லாம் கேட்டா?" என்ற சஞ்சீவனி, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "அன்னைக்குத் தியாகராஜா மாமா கடையே தொறக்கல. விடிஞ்சதுலருந்து நம்ம வாசல்லதான் நின்னாரு. அரிசி வெலையும் இதே மாதிரி தானாப் போனதாத்தான் இருக்கும். நா சொல்ல வந்தப்பல்லாம் நீ காதுல வாங்கல."



கட்டுக்கலையில் இறங்கும்போது மழை கொட்டியது. போன இடத்திலேயே ஞானேஸ்வரி குடையை மறந்துவிட்டு வந்திருந்தாள். மகள் எவ்வளவு சொல்லியும் ஒதுங்கி நிற்காமல் நேராகத் தியாகராஜாவின் கடைக்கு நடந்தாள். படியில் ஏறி நின்ற பிறகுதான், ஒரு வருஷமாகப் பேசாத மனுஷனிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாதது உறைத்தது.

அவளுக்கு அந்தச் சிரமத்தை வைக்காமல், தராசை விட்டுவிட்டுத் தன் குடையோடு ஓடி வந்தார் தியாகராஜா.

"என்ன அண்ணி இது? நீங்களும் அண்ணன் மாதிரியே குடைய யாருக்காச்சும் குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே வாறீங்களே!"