ஒரு கரண்டி சூப்

அந்தச் சின்ன உணவகத்தில் அவளேதான் சமையல். ஆனால் ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து நாக்கில் ருசியே தெரிவதில்லை. கணவர் இருந்தவரை உப்பு பார்த்துச் சொல்வார். அவர் போய் ஒரு வருடமாகிறது. இப்போதும் கடை திறக்குமுன், அடுப்படியில் அவருடைய நாற்காலிக்கு எதிரே ஒரு கரண்டி சூப் வைப்பாள். உப்பு சரியென்றால் கரண்டி காலியாகக் கவிழ்ந்திருக்கும்; குறைந்தால் அப்படியே இருக்கும். சாப்பிட வந்தவர்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இன்று மதியம் மனசு கேட்காமல் கிண்ணம் நிறைய வைத்தாள்.

“நீங்க இல்லன்னா இந்தக் கடை ஏது? வயிறாரச் சாப்பிடுங்க.”

அடுப்பைத் தணித்துத் திரும்புவதற்குள் பெரிய ஏப்பம் ஒன்று கேட்டது.

கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த நாத்தனார், திரும்பிப் பார்க்காமலே அதட்டினாள்: “மெதுவாண்ணா! ஆளுங்க சாப்பிடறாங்கல்ல!”